எரிமலையின் அடியை ஆராய்ந்த புன்ஸன்

நம் கல்லூரியின் இரசாயன ஆய்வுக்கூடத்தில் ஒருமுறையேனும் நின்று வேலை செய்தவர்கள் புன்ஸன் என்னும் பெயரை அறியாதிருக்க இயலாது. காற்றும் வாயுவும் முன்னமே கலந்து, புகையின்றி, ஒளி குன்றி, மிக்க வெம்மையோடு எரியும் அச்சிறு விளக்கை ஏற்றாமல் அங்கு எந்த வேலையும் தொடங்குவதில்லை. ஆயின் அப்பெயருக்கு உரியவர் யார், தம் நீண்ட வாழ்நாளில் என்ன செய்தார் என்று வினவினால், விளக்கைச் செய்தார் என்பதற்கு மேல் விடை வருவது அரிது. அவ்விளக்கும் முற்றிலும் அவர் கைவேலையன்று. அவர் கருத்தைக் கொண்டு அதனை உருவாக்கியவர் ஹைடெல்பெர்க் சர்வகலாசாலையின் கருவி வல்லுநராகிய டெஸாகா என்பவர். புன்ஸனுடைய வேறொரு முயற்சி நம்மவருள் பெரும்பாலாருக்குத் தெரியாது. எரிமலைகளின் கீழே பாறைக்குழம்பு எவ்வாறு உண்டாகிறது, உண்டானபின் எவ்வாறு மாறுகிறது என்ற வினாவைத் தராசும் உஷ்ணமானியும் கொண்டு அணுகிய முதன்மையானவர்களில் அவர் ஒருவர். அவ்வரலாற்றையே இங்குச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

ராபர்ட் வில்ஹெல்ம் புன்ஸன் 1811ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துச் சர்வகலாசாலையில் மொழிப் பேராசிரியர். பிள்ளைகள் நால்வருள் இவரே இளையவர். பத்தொன்பது வயதிலேயே அங்குப் பண்டிதப் பட்டம் பெற்று, அரசினர் அளித்த பொருளுதவியால் பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களைச் சுற்றி, ஆங்காங்கே இருந்த இரசாயன ஆசிரியர்களையும் தொழிற்சாலைகளையும் கண்டு திரும்பினார். இருபத்து மூன்றாம் வயதில், அப்பொழுதே வீழ்படிவாக்கிய இரும்பு ஹைட்ரேட் பாஷாணத்திற்கு மாற்று மருந்தாகும் என்று வேறொருவருடன் சேர்ந்து வெளியிட்டார்.

பாஷாணத்தோடு அவருக்கு ஏற்பட்ட உறவு அத்துடன் முடியவில்லை. காஸல் நகரத்திலும் பின்னர் மார்புர்க் சர்வகலாசாலையிலும் ஆசிரியராயிருந்த ஆண்டுகளில், பாஷாணம் கலந்த கக்கோடில் என்னும் கூட்டுப்பொருள்களை ஆராயத் துணிந்தார். சகிக்க முடியாத நாற்றமும், காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றும் இயல்பும், கொடிய நச்சுத்தன்மையும் ஒருங்கே கொண்ட பொருள்கள் அவை. ஒரு நாள் கண்ணாடிக் கலம் வெடித்து அதன் துண்டு கண்ணில் பாய, வலக்கண்ணின் பார்வையை இழந்தார். நஞ்சினால் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். ஆராய்ச்சியை முடித்த பின்னரே அதனைக் கைவிட்டார். இனி நாம் கூறப்போகும் செயல்களையெல்லாம் ஒற்றைக் கண்ணால் செய்தவர் அவர் என்பதை வாசிப்போர் மனத்தில் இருத்திக்கொள்க.

அதன்பின் இரும்பு உருக்கும் உலைகளிலிருந்து வெளியேறும் வாயுக்களை அளக்கும் வேலையில் ஈடுபட்டார். 1845இல் இங்கிலாந்து சென்று பிளேபேர் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து, உலையிலிடும் கரியின் வெப்பத்தில் மிகப் பெரும்பங்கு வாயுவோடு வீணே போகிறது என்று காட்டினார். சிறு அளவான வாயுவையும் பிசகின்றிச் சேகரித்துப் பகுத்தறியும் திறமை இவ்வேலையால் அவருக்குக் கைவந்தது. உலை வாயில் நின்று பழகிய அக்கைக்கு, அடுத்த ஆண்டில் இயற்கையின் உலைவாயே கிடைத்தது.

ஐஸ்லாந்துத் தீவில் ஹெக்லா என்னும் எரிமலை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1845ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் பொங்கியெழுந்து, மறு ஆண்டு ஏப்ரல்வரை கொதித்தது. அத்தீவு அக்காலத்தில் டென்மார்க்கு அரசரின் ஆட்சியில் இருந்தது. எரிமலை அங்குள்ளோருக்குப் படிக்கும் பொருளன்று, பயப்படும் பொருள். 1783இல் லாக்கிப் பிளவுகள் வெடித்தபோது நச்சு வாயுவால் புல் கருகி, ஆடுமாடுகள் மடிந்து, பஞ்சத்தால் தீவு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். அந்நினைவு மறையாத நாட்டிற்கு, டென்மார்க்கு அரசினரின் ஆதரவில் 1846இல் புன்ஸன் புறப்பட்டார். எட்னா மலையை ஆண்டுக்கணக்காக அளந்து படம் வரைந்த ஸார்ட்டோரியஸ் பான் வால்டர்ஷௌஸன் என்னும் பூமிசாஸ்திரியும், தெக்ளுவாசோ என்னும் பிரெஞ்சுப் படிகவியலாரும் உடன் சென்றனர்.

ஹெக்லாவின் சூடு ஆறாத பிளவுகளருகே நின்று அவற்றினின்று எழும் ஆவிகளைப் புன்ஸன் சேகரித்தார். பலவகைப் பாறைகளைத் திரட்டினார். ஆயினும் அப்பயணத்தில் அவருக்குப் பெரும் புகழை அளித்தது, கெய்ஸர் என்னும் பொங்கு நீரூற்றே.

பெரிய கெய்ஸர் என்று பெயர் பெற்ற ஊற்று, ஏறக்குறைய 3 மீட்டர் அகலமும் 23 மீட்டர் ஆழமும் உள்ள குழாய் போன்றது. நீர் அதில் நிறைந்து சலனமின்றி நிற்கும், திடீரென்று வானளாவப் பீறிடும், மீண்டும் அடங்கும். நிலத்தடியில் ஆவி நிறைந்த பெருங்குகைகள் உண்டென்றும் அவற்றின் தள்ளுதலே இதற்குக் காரணமென்றும் அதுவரை பலர் கருதினர். புன்ஸனும் தெக்ளுவாசோவும் குழாயின் வாயிலிருந்து கயிற்றில் உஷ்ணமானிகளைக் கட்டி இறக்கினர். நீர் பீறிடுவதற்குச் சற்று முன்வரை அளந்தனர். எந்நேரம் பொங்குமென்று உறுதியில்லாத கொதிநீர்க் கிணற்றின் விளிம்பில் நின்று செய்த வேலை அது. அடியில் ஏறக்குறைய 127 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் இருந்தும் நீர் கொதிக்கவில்லை. மேலுள்ள நீரின் பாரம் அதனைக் கொதிக்கவொட்டாமல் அழுத்தியது. குழாயின் நடுப்பகுதியிலோ, நீர் தன் கொதிநிலைக்கு ஏறக்குறைய 2 டிகிரி மட்டுமே குறைந்து நின்றது. அடியிலிருந்து எழும் ஆவி அந்நீரை இரண்டு மீட்டர் அளவு மேலே தூக்கினால் போதும். பாரம் குறையும், கொதிநிலை தாழும், தூக்கப்பட்ட நீர் அக்கணமே கொதிக்கும். அது கொதித்து மேல்நீரை வெளியே எறிய, கீழ்நீரின் பாரமும் குறைந்து அதுவும் கொதிக்கும். குகை ஒன்றும் வேண்டியதில்லை. குழாயும் வெம்மையும் போதும். ஊர் திரும்பியபின் ஆய்வுக்கூடத்தில் குழாய் ஒன்றமைத்து, குறித்த கால இடைவெளியில் பீறிடும் செயற்கைக் கெய்ஸரையும் செய்து காட்டினார். மார்புர்க்கில் அவரிடம் பயின்ற டிண்டல், பிற்காலத்தில் இலண்டன் மாநகரில் பொதுமக்கள் முன் இவ்விளக்கத்தைப் பரப்பினார்.

வெம்மையைக் கூட்டாமலே, அமுக்கத்தைக் குறைத்து ஒரு பொருளின் நிலையை மாற்றலாம் என்ற உண்மை கெய்ஸரின் நீரில் தெளிவாயிற்று. நீருக்குப் பொருந்துவது பாறைக்கும் பொருந்துமா? 1850இல் புன்ஸன் வெளியிட்ட சிறு பரிசோதனை அவ்வெண்ணத்தின் தொடர்ச்சி என்று நாம் கொள்வதில் பிழையில்லை. பாறையை நசுக்கி உருக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. ஆகவே திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகை, தடித்த சுவருள்ள நுண்ணிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தோடு அடைத்து, பாதரசம் விரிவதால் உண்டாகும் அமுக்கத்திற்கு உட்படுத்தினார். சாதாரண அமுக்கத்தில் 47.7 டிகிரியில் உருகும் மெழுகு, அதனினும் 156 மடங்கு அமுக்கத்தில் 50.9 டிகிரியிலேயே உருகியது. மூன்று டிகிரி என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பூமியின் உட்புறத்தில் அமுக்கம் நூற்றுக்கணக்கான மடங்கன்று, பல்லாயிர மடங்கு. அங்குள்ள பாறை வெளியே இருந்தால் உருகிவிடும் உஷ்ணத்திலும் கட்டியாகவே நிற்கிறது. அது மெல்ல மேலெழும்பினால், சூடு பெரிதும் குறையாமலிருக்க அமுக்கம் மட்டும் தளர்வதால், உருகத் தொடங்குகிறது. ஐஸ்லாந்தின் அடியில் நிகழ்வது இதுவே என்று இன்று நாம் அறிவோம். அத்தீவு அட்லாண்டிக் கடலின் நடுவே பூமியின் ஓடு இருபுறமும் விலகும் கோட்டின்மேல் அமைந்திருக்கிறது. விலகும் இடத்தை நிரப்ப, அடியிலிருந்து வெம்மையான பாறை எழுந்து வருகிறது. அது முழுவதும் உருகுவதில்லை. சிறு பங்கே உருகி, மணிகளுக்கிடையே கசிந்து, திரண்டு, ஓட்டிற்குள் ஏறுகிறது. மாக்மா என்று பூமிசாஸ்திரிகள் கூறும் பாறைக்குழம்பு பிறக்கும் முறைகளில் இது தலையானது.

இனி, புன்ஸனின் பெருங்கொள்கைக்கு வருவோம். ஐஸ்லாந்திலிருந்து கொணர்ந்த கற்களை அவர் வெறும் கண்ணால் தரம் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் இடித்து, கரைத்து, சிலிகா எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று நிறுத்து எழுதினார். எண்கள் ஓர் ஒழுங்கைக் காட்டின. ஒரு கோடியில் வெளிறிய கற்கள். அவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 77 பங்கு சிலிகா. மறு கோடியில் இரும்பும் சுண்ணாம்பும் மிக்க கருங்கற்கள். அவற்றில் சிலிகா ஏறக்குறைய 48 பங்கே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கல் ஒன்றை எடுத்து, அதன் சிலிகாவைக் கொண்டு, இரு கோடிக் குழம்புகளையும் எவ்விகிதத்தில் கலந்தால் அவ்வளவு சிலிகா வரும் என்று கணக்கிட்டார். பின்னர் அதே விகிதத்தில் சுண்ணாம்பும் இரும்பும் பிறவும் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்கால் கண்டு, தராசு காட்டிய அளவோடு ஒப்பிட்டார். பெரும்பாலும் பொருந்திற்று.

காப்பிக் கஷாயத்தையும் பாலையும் கலப்போருக்கு இக்கணக்கு விளங்கும். நிறத்தைக் கொண்டு பாலின் பங்கு இவ்வளவு என்று மதித்துவிட்டால், கொழுப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்பதும் தாமே தெரியவரும். 1851இல் வெளியான நீண்ட கட்டுரையில் புன்ஸன் கூறியதன் சாரம் இதுதான்: ஐஸ்லாந்தின் அடியில் இருவகைக் குழம்புகள் தனித்தனியே உள்ளன, அவை தனித்தும் கலந்தும் வெளிப்பட்டதனால் பலவகைப் பாறைகள் விளைந்தன. கல்லின் தோற்றத்தைப் பார்த்துப் பெயரிடுவதே பெரிதும் வழக்கமாயிருந்த காலத்தில், எண்ணைக் கொண்டு அதன் பிறப்பை வினவியது ஒரு புதுவழி என்றே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. உடன் பயணம் செய்த வால்டர்ஷௌஸனே உடன்படவில்லை. பூமிக்குள் குழம்பு கனத்திற்கேற்ப மேலும் கீழுமாகப் படிப்படியாக அமைந்திருக்கிறது, இரு தொட்டிகளாகப் பிரிந்தில்லை என்பது அவர் கொள்கை. ஒரே குதிரைப் பாதையில் சென்று, ஒரே மலையைக் கண்டு, இருவரும் இருவேறு முடிவோடு திரும்பியது நமக்கு வியப்பளிக்கிறது. வேறு தேசங்களின் பாறைகளை நிறுத்துப் பார்த்தபோதும் இடையூறு தோன்றியது. சோடாவும் பொட்டாசும் மிகுந்த எரிமலைப் பாறைகள் பல, புன்ஸனின் இரு கோடிகளுக்கிடையே எவ்வாறு கலந்தாலும் அடங்கவில்லை.

நம் கருத்தில், இவ்விடத்தில் அவரை வழுக்கியது ஐஸ்லாந்தின் இயல்பே. அத்தீவில் கருங்கல்லே மிகுதி. வெளிறிய கல் அதற்கடுத்து. இடைப்பட்ட கல்லோ மிகக் குறைவு. இரு கோடிகள் கண்ணுக்கு நேரே நின்றன. இடைப்பட்ட கல்லே மலைமலையாகக் குவிந்திருக்கும் ஆண்டிஸ் தொடருக்கு அவர் சென்றிருந்தால், இரு தொட்டிகள் என்ற எண்ணம் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

ஒரே குழம்பிலிருந்து பலவகைக் கற்கள் பிறக்க வேறு வழியும் உண்டு. அதற்கான குறிப்பு முன்னமே வெளிவந்திருந்தது. சார்லஸ் டார்வின் காலப்பாகோஸ் தீவுகளில் ஒரு பழைய குழம்போட்டத்தின் அடிப்பகுதியில் படிகங்கள் மிகுந்திருக்கக் கண்டு, அவை கனத்தால் கீழே அமிழ்ந்தன என்றும், அதனால் மேலுள்ள குழம்பின் தன்மை வேறாகலாம் என்றும் 1844இல் எழுதியிருந்தார். உப்பளத்தைக் கண்டோருக்கு இதுவும் எளிது. கடல்நீர் வற்ற வற்ற உப்பு படிகமாகிப் பிரிகிறது. எஞ்சிய நீர் முந்தைய நீரன்று, கசப்பு ஏறிய வேறு நீர். அவ்வாறே கருங்குழம்பு ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் மிக்க படிகங்கள் முதலில் பிரிய, எஞ்சிய குழம்பில் சிலிகா ஏறிக்கொண்டே போகிறது. வாஷிங்டன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பாறைக்குழம்புகளை உருக்கி ஆற்றிச் சோதித்த கானடா தேசத்து அறிஞர் நார்மன் போவன், இதனை விரிவாக நிலைநாட்டி 1928இல் நூலாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் புன்ஸனின் கலவைக் கொள்கை பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. போவனின் ஆராய்ச்சிக்கு அடித்தளமான கருத்தொன்றை வற்புறுத்தியவர்களுள் புன்ஸனும் ஒருவர். கருங்கல் வகையாகிய கிரானைட்டில், உருகுவதற்கு மிக்க வெம்மை வேண்டும் பளிங்குக்கல், எளிதில் உருகும் பெல்ஸ்பாருக்குப் பின்னரே உறைந்திருப்பதாகக் காண்கிறது. ஆகையால் கிரானைட்டு உருகிய குழம்பிலிருந்து உண்டாகியிருக்க முடியாது என்று சிலர் வாதித்தனர். 1861இல் புன்ஸன் அதனை மறுத்தார். பாறைக்குழம்பு ஒரு கரைசல். கரைசலிலிருந்து ஒரு பொருள் எப்பொழுது உறையும் என்பதை அதன் தனித்த உருகுநிலை தீர்மானிப்பதில்லை. உப்பு நீர் வெறும் நீர் உறையும் உஷ்ணத்தில் உறைவதில்லை என்பதை நினைத்தால் போதும் என்பது அவர் விடை. தம் பழைய கொள்கையை வீழ்த்தவிருந்த கருவியைத் தாமே தீட்டிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

அதற்குள் அவர் பிரெஸ்லௌவில் சிறிது காலம் இருந்து, 1852இல் ஹைடெல்பெர்க் சேர்ந்திருந்தார். அங்கு அவர் செய்தவை எல்லோரும் அறிந்தவை, விரைந்து செல்வோம். 1855இல் விளக்கு வந்தது. அதன் நிறமற்ற சுடரில் உப்புக்களை இட்டு, கிர்க்காப் என்னும் பௌதிக ஆசிரியரோடு சேர்ந்து, ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைக் காட்டுவதை நிலைநாட்டினார். 1860இல் ஸீஸியமும் 1861இல் ருபீடியமும் அவ்வழியே அகப்பட்டன. துத்தநாகமும் கரியும் கொண்ட மின்கலத்தை முன்னமே செய்திருந்தார். எதற்கும் தனியுரிமை பெற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவில்லை. பல தேசங்களிலிருந்து மாணவர் வந்து அவரிடம் பயின்றனர். 1889இல், எழுபத்தெட்டாம் வயதில், பதவியை விட்டு நீங்கினார். விளக்கையும் ஒளிக்கோடுகளையும் விட்டார், பூமிசாஸ்திரத்தை விடவில்லை. இறுதிக் காலத்து ஓய்வையெல்லாம் அதற்கே அளித்து, 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஹைடெல்பெர்க்கில் உயிர் நீத்தார்.

அவருடைய அறுபத்து நான்காம் பிறந்தநாளுக்கு ஓரிரு நாள் முன்பு, 1875 மார்ச்சு 28, 29ஆம் தேதிகளில், ஐஸ்லாந்தின் நடுவிலுள்ள அஸ்க்யா என்னும் எரிமலை வெடித்தது. சாம்பல் கடலைத் தாண்டி ஸ்வீடன் தேசத்தில் விழுந்தது. கீழைப் பகுதியில் மேய்ச்சல் நிலங்கள் மூடுண்டு, பல குடும்பங்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர இதுவும் ஒரு காரணமாயிற்று. அன்று விழுந்த நுரைக்கற்களை ஒரு நூற்றாண்டு கழித்து மூன்று ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தபோது, வெளிறிய கல்லினூடே கரிய குழம்பின் இழைகள் ஓடியிருக்கக் கண்டனர். வெளிறிய குழம்பு தங்கியிருந்த அறைக்குள், அதனினும் மிகச் சூடான கருங்குழம்பு அடியிலிருந்து புகுந்தது. குளிர்ந்திருந்த குழம்பு சூடேறிப் பொங்கி, கரைந்திருந்த வாயுக்கள் குமிழிட்டு அறையைப் பிளந்தன என்று 1977இல் அவர்கள் வெளியிட்டனர். புன்ஸனின் கலவை, அவர் கால் பதித்த அதே தீவிலிருந்து மீண்டும் எழுந்துவந்தது. இம்முறை பாறையின் பிறப்புக்கு மட்டுமன்றி, வெடிப்பின் காரணத்திற்கும் விடையாக.

இன்று எரிமலையின் அடியை ஒரு பெரிய கொதிகுளமாக எவரும் எண்ணுவதில்லை. பூகம்ப அலைகள் அவ்விடங்களைக் கடக்கும் வேகத்தை அளந்து பார்த்தால், பெரும்பகுதி படிகங்களே. அவற்றின் இடுக்குகளில் சிறிதளவே குழம்பு நிற்கிறது. பாகு காய்ந்து கற்கண்டாகும் பானையின் அடியை ஒத்தது அந்நிலை. அது தானாக வெடிக்காது. நெடுங்காலம் அவ்வாறே கிடக்கும். அடியிலிருந்து புதுக்குழம்பு வந்து சூடேற்றும்போதோ, இடுக்கிலுள்ள குழம்பு பிழிந்து மேலே ஓரிடத்தில் திரளும்போதோதான் பாயத்தக்க நிலை வருகிறது. 2010ஆம் ஆண்டில் அதே தீவின் எய்யாபியாட்லாயோகூல் மலையில் (பெயரைச் சொல்லிப் பார்க்கும் மாணவர்கள் நம்மை மன்னிப்பார்களாக) நடந்தது அதற்குச் சான்று. மார்ச்சு மாதத்தில் மலைச்சரிவில் கருங்குழம்பு அமைதியாக ஓடிற்று. ஏப்ரல் 14ஆம் நாள் உச்சியில் பெருவெடிப்பு எழுந்தது. உள்ளே எஞ்சிக்கிடந்த சிலிகா மிக்க பழங்குழம்பில் அக்கருங்குழம்பு கலந்ததே காரணமென்றும், அப்பழங்குழம்பு 1821 முதல் 1823வரை நிகழ்ந்த கொதிப்பின் மிச்சமாக இருக்கலாமென்றும் ஆராய்ந்தோர் கருதுகின்றனர். புன்ஸன் சிறுவனாயிருந்த நாளில் அடங்கிய குழம்பு, ஐரோப்பாவின் வான்வழிகளைப் பல நாள் மூடி, ஏறக்குறைய ஒரு லட்சம் விமானப் பயணங்களை நிறுத்திற்று.

அதற்கு முந்திய ஆண்டில் வேறொன்று நேர்ந்தது. வடக்கேயுள்ள கிராப்லா எரிமலையில், நிலத்தடி வெம்மையால் மின்சாரம் பெறும்பொருட்டு நாலரைக் கிலோமீட்டர் ஆழத்திற்குக் கிணறு தோண்டத் தொடங்கினர். 2.1 கிலோமீட்டரிலேயே துளைக்கருவி சிக்கிக்கொண்டது. மேலே வந்தவை புதிதாக உறைந்த கண்ணாடித் துணுக்குகள். எவரும் எதிர்பாராத இடத்தில் குழம்பையே தொட்டிருந்தனர். தொடப்பட்டது கருங்குழம்பன்று, சிலிகா மிக்க வெளிறிய குழம்பு. அதனைப் பகுத்தாராய்ந்தபோது, படிகங்கள் பிரிந்தபின் நின்ற மிச்சம் என்று கொள்வது பொருந்தவில்லை. வெந்நீர் ஊறி மாறுபட்ட பழைய கருங்கல், அடியிலுள்ள சூட்டால் மீண்டும் சிறிதளவு உருகிப் பிறந்தது அது என்று ஆராய்ந்தோர் முடிவு கட்டினர். புன்ஸன் தம் இரண்டாம் தொட்டியில் இருப்பதாக எண்ணிய வெளிறிய குழம்பு, ஐஸ்லாந்தில் இவ்வாறு முதல் குழம்பின் சூட்டினாலேயே ஆங்காங்கே சிறுசிறு திரளாக உண்டாகிறது.